இரண்டாவது தும்மல்

உலக யுத்தம் வருவதற்கு முந்தைய தை மாதம் அது. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலையில் இருந்தேன். எனக்கு ஒரு கோளாறு. காலையில் கடை திறந்ததும் மூக்கு ஒழுகும், தும்மல் தொடங்கும். காய்ச்சலோ இருமலோ கிடையாது.

தும்மினால் என்ன என்று கேட்பீர்கள். முகூர்த்தப் பட்டில் கை வைக்கும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் அந்தச் சேலையை அப்படியே கீழே வைத்துவிடுவார்கள். இரட்டைத் தும்மலுக்குத் தோஷமில்லை. அதனால் நிஜமாக ஒன்று வந்ததும் பொய்யாக இன்னொன்று போடப் பழகியிருந்தேன். சில நேரம் மூன்றாவதும் நிஜமாக வந்து கணக்கைக் கெடுத்துவிடும். அப்படி மூன்று கல்யாணக் கூட்டம் எழுந்துபோனபின் முதலாளி சொல்லிவிட்டார்: "நாளைக்குத் திருமங்கலத்துலருந்து பெரிய கூட்டம் வருது. உன் தும்மல் கேட்டுச்சுன்னா அப்படியே வீட்டுக்குக் கெளம்பிரு."

வீட்டில் மூன்று பிள்ளைகள்.

சாயங்காலம் மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கே மருந்து கலந்து கொடுப்பவர் என்னைவிட இளையவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூக்கில் விடும் சொட்டு மருந்து இன்னொரு புட்டி கேட்டேன்.

"போன வாரந்தான வாங்குனீக?"

"மணிக்கு ஒருதரம் விடுறேன் பாய்."

"அம்புட்டு விட்டா மூக்கு இன்னும் அடைக்கத்தான் செய்யும். தர மாட்டேண்ணே."

அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். கடை லீவு நாளில் தும்மல் வருமா என்று கேட்டார். வராது. கோயிலில்? அங்கேயும் வராது. சொல்லிக்கொண்டே தோள் துண்டால் மூக்கைத் துடைத்தேன். உடனே அடுக்கடுக்காகத் தும்மல். அவர் துண்டையே பார்த்தார்.

"இந்தத் துண்டு எதுக்கு?"

"அலமாரியில தூசி தட்ட."

"மூக்குத் தொடைக்க?"

"அதுக்குந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். தும்மலை அடக்குவதாக நினைத்து, தட்டிய தூசியையே மூக்கில் வைத்து அழுத்தியிருக்கிறேன். மூக்குக்குத் தனித்துண்டு வையுங்கள், அலமாரியை ஈரத்துணியால் துடையுங்கள், மூச்சு இழுப்பு வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லி, வெறுங்கையோடு அனுப்பினார்.

மறுநாள் அப்படியே செய்தேன். பழைய துண்டை மட்டும், பதற்றத்தில், முதலாளி உட்காரும் இடத்துக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டிவிட்டேன்.

கூட்டம் வந்தது. பெண்ணின் அத்தை ஓர் அரக்குப் பட்டுச்சேலையை மடியில் எடுத்து வைத்தார். என் மூக்கு சும்மா இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி வியர்வை துடைக்கக் கையைப் பின்னால் நீட்டி அந்தத் துண்டை எடுத்தார். அவருக்கு ஒற்றைத் தும்மல். கடையே அதிர்ந்தது.

அத்தையின் கை நின்றுவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. என் பொய்த்தும்மலைப் போட்டுவிட்டேன்.

"ரெட்டையா வந்துருச்சு. இதையே எடுத்துருவம்" என்றார் அத்தை.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் போனபின், வீட்டுக்குப் போ என்று சொல்லப்போகிறார் என நினைத்துச் சேலைகளை மடிக்கத் தொடங்கினேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "அந்த மருந்துக்கடை எங்கிட்டு இருக்கு?" என்றார்.

கேட்டதைக் கொடுத்து அனுப்பியிருந்தால் பாய்க்கு வேலை சுலபம். தர மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்ட அந்த நாலு கேள்வியை நினைத்து, இன்றும் அந்தக் கடையைத் தாண்டும்போது என் கை தானாகத் தோள் துண்டைத் தொட்டுப் பார்க்கிறது.