நாயக்கரின் எறும்புகள்

மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நாயக்கரின் மருமகன் காஜா பெராங்கிலிருந்து நடந்தே வந்திருந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "டியா சுடா தா அடா" என்று மலாயில் சொன்னார். அவர் இப்போது இல்லை என்று அர்த்தம். நான் "அப்படியா" என்றேன். கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தேன். பாதியில் விட்டால் கறுத்துப்போகும், வேறு கிழங்கும் இல்லை. இந்தக் காலத்தில் அழுவதற்குக்கூட வயிற்றில் கொஞ்சம் சோறு இருக்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் நண்பர்களே, காரியத்தன்று படிக்க நாயக்கரைப் பற்றி ஏதாவது எழுதச் சொன்னீர்கள். அச்சடிக்கப் பத்திரிகையும் இல்லை, காகிதமும் இல்லை. வீணாய்ப்போன வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஆகவே அலங்காரம் எதிர்பார்க்க வேண்டாம். படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சின்னையா நாயக்கரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நில அளவை ஆபீசில் ஜன்னலோர மேசை அவருடையது. வரைபடத்தின் மேல் மெழுகு பூசியதுபோல மினுங்கும் டிரேசிங் துணியைப் பரப்பி, அடியில் தெரியும் கோட்டை அப்படியே மேலே எடுப்பார். மலாக்காவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் காஜா பெராங் சிட்டிகளில் அவர் ஒருவர். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணே என்பேன். அந்த இரண்டு சொல்தான் அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி. அவர் மலாயில் சொன்னதையெல்லாம் என் காதில் விழுந்த தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். துணியின் எண்ணெய்ப் பசை போக வெள்ளைப் பொடியைத் தூவி, உள்ளங்கையால் மெள்ளத் தேய்த்தார். பிறகு கோட்டுப் பேனாவை மையில் தொட்டு ஓர் ஆற்றை வரையத் தொடங்கினார். துணியின் மேல் முள் நகரும் சத்தம் மிக மெலிதாகக் கேட்டது. எனக்கு உச்சந்தலையில் ஒரு குறுகுறுப்பு தொடங்கிப் பிடரி வழியாக இறங்கித் தோளில் பரவியது. கண் செருகியது. சிறு வயது முதல் எனக்கு வருவதுதான். அம்மா பேன் பார்க்கும்போது வரும். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைச் சத்தமில்லாமல் திருத்தும்போது வரும். என்னவென்று யாரிடமும் கேட்டதில்லை. நரம்பில் ஏதோ கோளாறு என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

நாயக்கர் தலையைத் தூக்கவில்லை. "தம்பி, செமுட் வந்திருச்சா?" என்று கேட்டார். செமுட் என்றால் எறும்பு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கும் வருமா அண்ணே?"

"எனக்கு வராம வேற யாருக்கு வரும்? அதுக்காகத்தானே இந்த வேலைக்கே வந்தேன்" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஊரில் எத்தனையோ பேர் இருந்தும் ஒருவரோடும் பேச முடியாத ஒரு பாஷையை அடுத்த மேசைக்காரர் பேசினார். அதன் பிறகு எங்களுக்கு அதுவே பேச்சு. தட்டார் மோதிரத்தைத் துடைத்துக் கொடுப்பது நல்ல எறும்பு. சீன மருந்துக்கடைக்காரர் வேர்களைக் காகிதத்தில் மடிப்பது அதைவிட நல்ல எறும்பு. படம் பிடிப்பவர் இரண்டு விரலால் முகவாயைத் தொட்டு நிமிர்த்துகிறாரே, அது ராஜ எறும்பு. "அதுக்காகவே வருஷா வருஷம் படம் எடுத்துக்குவேன். வீட்டுல அழகுக்குன்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க" என்பார். முடிவெட்டும் கடையை அவர் சேர்க்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு வெட்டுகிறவரை மலாக்காவில் எங்கே தேடுவது என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு சட்டம் சொல்லிக்கொடுத்தார். "கேட்டா வராது தம்பி. நம்மகிட்ட ஒருத்தர் பொறுமையா இருக்காரு, அவசரமே இல்ல, அப்படின்னு உடம்புக்குத் தானாத் தெரியணும்."

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லோரையும் உட்காரவைத்து நிப்பொங்கோ என்று அவர்கள் பாஷைக்கு வகுப்பு நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? அந்த வாத்தியாருக்குக் குரல் மிக மெல்லியது. ஒவ்வொரு மேசையாக வந்து குனிந்து, தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்து, நம் கோணல் எழுத்தைத் தடவித் தடவிச் சரிசெய்வார். என் மேசைக்கு வந்தபோது உச்சந்தலையில் எறும்பு வந்துவிட்டது. என் தம்பியைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அதிக நாள் ஆகவில்லை. அந்தப் படையைச் சேர்ந்த ஒருவரின் தூரிகைக்கு என் தலை சொக்கிப்போகிறது. எனக்கு என் தலைமேலேயே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் நாயக்கரிடம் கத்தினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "எறும்புக்குக் கொடி எங்கே தெரியும்? வெக்கப்படறதா இருந்தா லாரியில ஏத்தினவன் வெக்கப்படட்டும். நீ ஏன் தம்பி?"

அந்தச் சமயத்தில் அவர் மகள் நிறைமாதமாக இருந்தாள். ஊரில் துணி கிடையாது. கோணியைத் தைத்து உடுத்திக்கொண்டிருந்தோம். பிறக்கப்போகும் குழந்தையைக் கோணியில் போட நாயக்கருக்கு மனம் வரவில்லை. டிரேசிங் துணியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் கஞ்சியும் மையும் கழன்று பூப்போலப் பருத்தித் துணி மிஞ்சும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கழித்துப்போட்ட பழைய துணி ஒன்றை அவர் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணே. பிடிபட்டா தலை போயிடும்."

"எலி தின்ன மேப்பு தம்பி இது."

"எலி தின்னாலும் அவனுக்கு மேப்பு மேப்புதான்" என்றேன். உஜோங் பாசிர்க் கடற்கரை முழுவதும் அதில் இருந்தது. ஒற்றன் என்று சொல்ல அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் கேட்கவில்லை.

தெங்கேரா தெருமுனையில் காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் எங்களை நிறுத்தினான். இருவரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்து வணங்கினோம். சின்ன வயதுக்காரன். அன்றைக்கு அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. நாயக்கரின் அனுமதிச்சீட்டை வாங்கிப் பிரித்தான். மடிப்பைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். திருப்பிப் பார்த்தான், மறுபடி மடித்தான். பிறகு கிட்டே வந்து அவர் காலரைச் சரிசெய்தான். மேல் பொத்தானைக் கழற்றினான். உள்ளங்கை தோளைத் தடவி மெதுவாக நெஞ்சுக்கு இறங்கியது. நாயக்கரின் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு. எனக்கு அந்த முகம் தெரியும். பாவி மனுஷருக்கு அந்த இடத்தில் எறும்பு வந்துவிட்டது.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தான் போலிருக்கிறது. அதே கையால் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தான். நாயக்கர் சைக்கிள்மேல் விழுந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. அவன் ஏதோ கத்திவிட்டுப் போகச்சொல்லிக் கையைக் காட்டினான். நெஞ்சுக்கு இறங்கிய கை இடுப்புக்குப் போகவில்லை. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் போயிருக்கும், நானும் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பேத்தி பிறந்தாள். வெந்நீரில் ஊறிய துணி அவளுக்குச் சட்டையானது. மை முழுவதும் போகவில்லை. அவளைக் குப்புறப் படுக்கவைத்தால் உஜோங் பாசிர்க் கரைக்கோடு முதுகில் சாம்பல் நிறமாகத் தெரியும். நாயக்கர் அதை விரலால் தடவிப் பார்ப்பார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஆபீசில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, செமுட் சுடா லாரி" என்றார். எறும்புகள் ஓடிப்போய்விட்டன என்று அர்த்தம்.

"காது அடைச்சிருக்கு அண்ணே, அதனாலதான். சரியாயிடும்."

"காது இல்ல தம்பி. யாராவது மெதுவாக் கிட்ட வந்தா கன்னம் தானா ஒதுங்கிக்குது. பேத்தி கையை நீட்டினாக்கூட ஒதுங்குது."

அவரே தொடர்ந்து பேசினார். "அரிசி போச்சு, பொறுத்துக்கிட்டேன். காது போச்சு, இன்னொண்ணு இருக்கு. இது யார்கிட்டயும் வாங்காம எனக்கே எனக்குன்னு இருந்தது. சாகறதுக்குள்ள ஒரு தடவை வந்தாப் போதும்."

தேடாத இடம் இல்லை. மருந்துக்கடையில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமலே போய் நின்றார். பேசாமல் முடிவெட்டுகிறவர் ஒருவரைக்கூட யாரோ கண்டுபிடித்துக் கொடுத்தார்கள், அங்கேயும் எறும்பு வரவில்லை. நிப்பொங்கோ வகுப்பில் வாத்தியார் பக்கத்தில் வந்தால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் அவர் பாடத்துக்குப் பயப்படுவதாகச் சிரித்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்துவைத்தேன், வேறு வழி தெரியவில்லை.

பிறகு கால் வீங்கியது. கிழங்கையே தின்றால் வேறென்ன ஆகும்? காய்ச்சலும் சேர்ந்துகொண்டது, மருந்து எங்கும் இல்லை. படுத்துவிட்டார். நான் மத்தியானங்களில் காஜா பெராங்குக்குப் போய் அவருடைய வலது காதுப் பக்கம் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். கழிவுத் துணித் துண்டு ஒன்றில் பொடி தேய்த்து, அவர் முன்பு வரைந்ததுபோலவே ஆறு வரைவேன். என் கை அவர் கையளவு வராது. ஆனாலும் அவசரப்படாமல் வரைந்தேன். இந்த மூன்று வருஷத்தில் நான் அவசரப்படாமல் செய்தது அது ஒன்றுதான். அவர் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பைத்தியம்தான்" என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போவார். குரலில் கோபம் இருக்காது.

"வருதா அண்ணே?"

"கேக்காத தம்பி. கேட்டா வராதுன்னு சொல்லியிருக்கேன்ல."

கடைசியாகப் போன மத்தியானம் நான் எதுவும் கேட்கவில்லை. மை தீரும்வரை வரைந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்துப் பேனாவைத் துடைத்தேன். அப்போது அவர் கை மெதுவாக எழுந்து தன் உச்சந்தலையைத் தொட்டது.

"ஒண்ணு" என்றார். "ஒரே ஒண்ணு."

உண்மைதானா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் சந்தோஷத்துக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிற மனுஷர்தான் அவர். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓர் ஆயுளுக்குக் கேட்டது ஒரு தடவை, கிடைத்தது ஓர் எறும்பு. அதுவும் நிச்சயமில்லை.

கிழங்கைச் சீவி வைத்துவிட்டு மருமகனோடு புறப்பட்டேன். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. வாய்க்கட்டுக்கும் கால்கட்டுக்கும் வீட்டில் துணி இல்லை. மகள் உள்ளே போய்க் குழந்தையின் சட்டைக்குப் போக மிஞ்சியிருந்த டிரேசிங் துணி நாடாவை எடுத்துவந்தாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கினாள், முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தினாள், நாடாவை நீவி நீவி அந்த இடது காதுக்குக் கீழே கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். துணி உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவளுக்கு அவசரமே இல்லை. கன்னம் ஒதுங்கவில்லை.

எனக்கு உச்சந்தலையில் தொடங்கியது. பிடரியில் இறங்கியது, தோளில், முதுகில், முழங்கையில் என்று நிற்காமல் வந்தது. பிணத்தின் முன்னால் இப்படியா என்று பதறினேன். தடுக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டேன். நான் அங்கே அழுததைப் பார்த்து நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். சோகம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சோகமும் இருந்தது.

அவருடைய கோட்டுப் பேனாவை மகள் எனக்குத் தர வந்தாள். குழந்தைக்கு இருக்கட்டும் என்றேன். நான் வைத்துக்கொள்ள வேறு ஒன்று இருக்கிறது. எறும்பு எப்போதும் தனியாக வருவதில்லை. முதலில் ஒன்று வந்து வழி பார்த்துவிட்டுப் போகும், அதற்குப் பிறகுதான் வரிசை வரும். அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போது நம்புகிறேன். அந்த ஒன்று அவரிடம் வந்துதான் போயிருக்கிறது. வரிசை வந்து சேர்ந்தபோது அவர் இல்லை, பக்கத்தில் நான் இருந்தேன்.