காணாமற்போன ஆட்டைக் கூப்பிடும் குரல்

எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பெடுக்க முன்வந்தவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு.

பயிற்சியில் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண்ணுக்கு வந்தது, இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதை. வீட்டில் ஆடு வளர்ப்பவர். "அங்கிட்டும் இங்கிட்டும் தேடுறாரு, ஆட்டக் காணோம்" என்று சொல்லிவிட்டு, தன் ஆடுகளைக் கூப்பிடும் குரலையே கொடுத்தார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"இது வேதப் பாடம்ங்க. அங்கிட்டு இங்கிட்டெல்லாம் வேணாம். பைபிள்ல இருக்குற மாதிரியே சொல்லுங்க" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். எனக்கு உறுத்தியது வேதமல்ல, அந்தக் கைதட்டல்தான். அது எனக்கு அப்போதே தெரியும்.

"சரிங்க டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் வகுப்பு. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் கதையை ஒப்பித்தார். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டபடியேதான் எல்லாம் நடந்தது.

முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்கினாள். "டீச்சர், அந்த ஆட்ட எப்புடிக் கூப்புட்டாங்க?"

அந்த அறையில் அப்படிக் கூப்பிடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உதடுகூடக் குவிந்துவிட்டது.

ஆனால் கூப்பிடலாமா என்று என்னைப் பார்த்தார்.