மடியில் முடிந்த பகடை

எவர்சில்வர் தட்டில் எது உருண்டாலும் எங்கள் கொல்லையில் தேங்காய் பறிக்கும் தென்னையேறி நினைவுக்கு வருவார். நெஞ்சு முழுக்கக் காய்ப்பு, வேட்டி மடியில் முடிந்த இருபது முகப் பகடை. ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையாக ஆடும் எங்கள் ஞாயிறு விளையாட்டை அவர்தான் நடத்தினார்.

மூன்று மாதம் நான் செல்லமாக வளர்த்த என் வேடமான திருடன் ஒரு மதில் ஏறவேண்டி வந்தது. ஏறிவிடுவானா என்று உருட்டிப் பார்க்கப் பகடை கேட்டேன்.

“எதுக்குலே? கள்ளனுக்கு மதிலு ஏற அறியாதா? நான் தெனமும் தெங்கு ஏறுதேன், உருட்டியா ஏறுதேன்?”

அடம்பிடித்து உருட்டினேன். இருபதில் ஆக மோசமான எண், ஒன்று விழுந்தது. திருடன் கழுத்து முறிந்து செத்தான்.

மறுநாள் காலை, மழையில் தேங்காய் பறிக்க வந்தவரிடம், “உருட்டண்டாமா அண்ணே?” என்று குத்தினேன்.

“நனைஞ்ச மரத்துக்கு வேணும்” என்று மடியை அவிழ்த்து, என் தோசைத் தட்டிலேயே உருட்டினார். ஒன்று.

“நான் ஒனக்க கள்ளன் இல்ல. நாளைக்கு வாறேன், மக்கா.”