கரூர்ப் போர்வையில் கட்டிய தொட்டில்

மைசூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு தொட்டில் தொங்குவதைப் பார்த்தேன். பூங்கா வேலைக்கு வந்தவள் யாரோ பிள்ளையைப் போட்டுவிட்டுப் புல் பிடுங்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். தொட்டிலைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போக எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தேன். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக மல்லாந்து படுத்துக் கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பின்வாங்குவதற்குள் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்து, "மகு இல்ல, நானே இரோது" என்றார். குழந்தை இல்லை, நான்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். அப்போது எனக்குக் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம் வரும். குழந்தை இல்லை என்ற பாதி மட்டும் புரிந்தது. பாவம், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கும் என்று எண்ணி, "நனகூ இல்ல" என்றேன். எனக்கும் இல்லை என்று. அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு தொட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அவர் பெயர் பிரேமா. பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. அந்தத் தொட்டிலுக்கு ஹேமக் என்று பெயர் என்பதும், அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்பதும், அதுபோல் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு அவரும் நான்கு பெண்களும் வருடத்துக்கு இரண்டு முறை முதுகில் பையோடு மலை மலையாக நடக்கிறார்கள் என்பதும் கைச்சாடையும் அரைகுறை இங்கிலீஷுமாக அன்றே தெரிந்துவிட்டன. நான் மூக்கை நுழைக்காத விஷயம் குறைவு. கல்யாணமாகிக் கரூரிலிருந்து இங்கே வந்த நாளிலிருந்து, மண்டி மொஹல்லாவில் ஊதுவத்தி நிறுவனம் ஒன்றில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலைக்கும், திரும்பி வீட்டுக்கும் என்று ஒரே சந்தில் போய் வந்துகொண்டிருந்தவள் நான். ஐம்பது வயதில் ஒரு பெண் வீட்டில் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்த் தொட்டிலில் படுக்கிறாள் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அடுத்த ஞாயிறும் போனேன். மூன்றாவது ஞாயிறு அவர்களோடு ஆறு மைல் நடந்தேன்.

ஏன் டென்ட் எடுத்துப் போவதில்லை என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி. படங்களில் பார்த்த வரையில் மலையேறுகிறவர்கள் டென்ட்டில்தான் தங்குகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். முன்பு ஆண்களும் பெண்களுமாக ஒரு குழுவில் போய்க்கொண்டிருந்தார்களாம். கான்வாஸ் டென்ட், ஒன்றைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். "யார் டென்ட் தூக்குகிறார்களோ அவர்கள்தான் எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று முடிவு செய்வார்கள்" என்றார் பிரேமா மேடம். ஹேமக் இரண்டு புடவை கனம். அவரவர் படுக்கையை அவரவரே தூக்கலாம். வங்கியில் வேலை பார்க்கும் நாகரத்னா வேறு சொன்னார். டென்ட்டுக்குள் இருந்தால் வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போது மாடா மனுஷனா என்று தெரியாது. இதில் தலையைத் தூக்கினால் போதும், நாலு பக்கமும் தெரியும். நர்ஸ் வேலை பார்க்கும் சுமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதில் இன்னொருவர் வந்து படுக்க முடியாது" என்றார். இருபது வருடத்தில் முதல்முறையாகத் தன்மேல் யாருடைய காலும் கையும் விழாமல் தூங்கியது அதில்தானாம்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. கரூரில் அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் படுத்தவள், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே ஒற்றை அறை வீட்டில் படுப்பவள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அதே அறைதான். கோபம் வந்தால் திரும்பிப் படுக்கலாம், அவ்வளவுதான். எனக்கென்று ஓர் ஆள் அகலத்துக்கு இடம் இருந்ததே இல்லை என்பது சுமா சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த ஆசை வந்தபின் அடக்க முடியவில்லை.

மற்றவர்கள் நைலான் துணியில் தைத்து வைத்திருந்தார்கள், பச்சையும் நீலமுமாக. எனக்குத் துணி வாங்க வேண்டிய அவசியமில்லை. கரூர்க்காரி வீட்டில் எது இல்லாவிட்டாலும் போர்வை இருக்கும். சிவப்பும் மஞ்சளும் கரை போட்ட கெட்டிப் போர்வை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லி மண்டி மொஹல்லா தையல்காரரிடம் கொடுத்தேன். அளவைக் கேட்டுவிட்டு அவர் இரட்டைப் பிள்ளையா என்று விசாரித்தார். வீட்டுக்காரர் வேறு மாதிரி. "டென்ட்டுன்னா நாலு ஆம்பளைங்க கூட வருவாங்க. ஒரு பாதுகாப்பு" என்றார். அதனால்தான் இவர்கள் டென்ட்டை விட்டார்கள் என்று சொன்னேன். ஆனால் கயிறு இழுத்துப் பார்த்து வாங்கியது அவர்தான்.

தை மாதம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் போனோம். அந்த வருடங்களில் அங்கே காட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள், சந்தன மரக் கடத்தல்காரனைத் தேடிப் போலீஸ் அலைந்துகொண்டிருந்த காலம். செக்போஸ்ட் வந்தால் தமிழ்க்காரியான நான் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று நாகரத்னா மெதுவாகச் சொன்னார். அதில் தப்பொன்றும் எனக்குத் தோன்றவில்லை. காவிரிப் பேச்சு சூடாகும்போதெல்லாம் மைசூர் பஸ்ஸில் என் குரல் தானாகவே இறங்கிப் பழகியிருந்தது. நாங்கள் போனது காட்டை ஒட்டாத ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அடிவாரத்தில் சோளக்காடு, ஒரு சின்ன அம்மன் கோயில், கூரை இல்லாதது, அதைச் சுற்றி வேம்பும் புளியுமாகப் பத்துப் பதினைந்து மரங்கள். முதல் நாள் அங்கே தங்கல், மறுநாள் மேலே ஏறி உச்சியில் தங்கல் என்பது திட்டம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஹேமக்குகளைக் கட்டிவிட்டோம். நான் கோயிலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். எவ்வளவு நன்றாக என்றால், கனவு வந்ததா என்றுகூட ஞாபகமில்லை.

காலையில் வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்தபோது என் ஹேமக்கைச் சுற்றி மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். களை வெட்டப் போகிறவர்கள். களைக்கொத்துகளை மரத்தடியில் சாய்த்திருந்தார்கள். என் போர்வைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது. கயிற்றில் மஞ்சள் கிழங்கு முடிந்த நூல் ஒன்று தொங்கியது. அப்போதுதான் அந்த மரத்தின் மறுபக்கத்தைப் பார்த்தேன். கிளை முழுக்கச் சின்னச் சின்னத் துணித் தொட்டில்கள், வெளுத்தவை, கிழிந்தவை, புதியவை. பிள்ளை வேண்டிக் கட்டியவை. கரூரில் பிறந்த நான் அந்த மரத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டிருக்க வேண்டும். முன்தினம் தண்டின் பருமனை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங் அம்மிணி, எத்தன வருசமாச்சுங்க?" என்றாள் மூவரில் மூத்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும், பெயர் ராசாத்தி என்று பிறகு சொன்னாள்.

கர்நாடகத்தில் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டதில் நான் தடுமாறிவிட்டேன். அதோடு அந்தக் கேள்வி. கரூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பை கையை விட்டு இறங்குவதற்குள் கேட்கப்படும் கேள்வி. எதற்கு என்று யோசிக்காமலே வாய் பதில் சொல்லிவிடும்.

"ஒம்பதுங்க."

"தொட்டிலு என்னுங்க இத்தாப் பெருசு?" என்றாள் இன்னொருத்தி.

"பெருசாக் கேட்டாப் பெருசாக் குடுப்பா. நீ சும்மா இரு" என்றாள் ராசாத்தி. பிறகு என் ஊரையும் பெயரையும் கேட்டுக்கொண்டு, அம்மன் பக்கம் திரும்பி, உரத்த குரலில் எனக்காக வேண்ட ஆரம்பித்தாள். கரூரிலிருந்து வந்திருக்கிறாள், ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறாள், உனக்குக் கண் இல்லையா என்று சண்டை போடுகிற மாதிரி. நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. மைசூர்த் தோழிகள் இத்தனை நாளில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பூங்காவில் நான் உளறியதைக்கூடப் பிரேமா மேடம் பிறகு எடுத்ததில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். ஆனால் எனக்காக ஒருத்தி சாமியோடு சண்டை போட்டபோது, யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் இருந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. குழந்தை வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவே இல்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதற்குள் மற்றவர்கள் பையைக் கட்டிவிட்டார்கள். "பேக பன்னி, பிசிலு ஏருத்தே" என்று பிரேமா மேடம் குரல் கொடுத்தார், சீக்கிரம் வா, வெயில் ஏறுகிறது என்று. நான் கயிற்று முடிச்சில் கை வைத்தேன். ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்கப்படாதுங்க அம்மிணி. வேண்டிக் கட்டுனத, புள்ள பொறந்து வந்துதான் அவுக்கோணும்."

அது எனக்கும் தெரியும். பிரேமா மேடம் அருகில் வந்து என்ன தாமதம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "இவங்க இதை இங்கேயே விடச் சொல்கிறார்கள்" என்பதுவரைதான் சொல்ல முடிந்தது. அவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். உச்சியில் மரங்களுக்கு நடுவே வெறும் பாறை, கீழே படுக்க முடியாது. ஹேமக் இல்லாமல் நான் வர முடியாது. விட்டுவிட்டால் பத்து மணி பஸ்ஸில் மைசூர் திரும்ப வேண்டியதுதான் என்று நிதானமாகச் சொன்னார். முடிவு உன்னுடையது என்றார். அவர் வழக்கம் அது. அந்த வழக்கத்துக்காகத்தான் அவரோடு வந்தேன். அன்றைக்கு மட்டும் வேறு யாராவது முடிவு செய்தால் தேவலை என்றிருந்தது. அவிழ்த்தால் ஒன்பது வருடத்தையும் நானே என் கையால் அவிழ்த்ததாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. விட்டுவிட்டுப் போனால் ஒரே ஓர் இரவு எனக்கென்று கிடைத்த இடம் அங்கேயே மரத்தில் நின்றுவிடும்.

"அக்கா, இது பிள்ளைக்குக் கட்டலீங்க" என்றேன். "நான் படுக்கறதுக்குங்க. ராத்திரி இதுலதான் படுத்திருந்தேன்."

மூன்று பேரும் போர்வையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நீலமும் பச்சையுமாகப் பைகளை மாட்டிக்கொண்டு நின்ற ஐந்து பெண்களைப் பார்த்தார்கள்.

"பெரியவங்க தொட்டில்ல படுப்பாங்களாங்க?" என்றாள் பெருசு என்று சொன்னவள்.

ராசாத்தி சிரிக்கவில்லை. "அப்ப அந்த ஒம்பது வருசம்?"

"அது நெசந்தானுங்க."

அவள் அம்மனை நோக்கி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு என் கயிற்றிலிருந்து மஞ்சள் நூலைத் தானே கழற்றினாள். தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, இரண்டு முனையையும் முடிந்து, தாழ்ந்த கிளை ஒன்றில் கையகலத் தொட்டில் ஒன்றைக் கட்டி அந்த நூலை அதில் சுற்றினாள். "நீங்க உங்களுத எடுத்துட்டுப் போங்க. இது இங்க இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்" என்றாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மூவரும் வரப்பில் நடந்தார்கள். நான் அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமாயிற்று. சுமா வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். போர்வையில் குங்குமம் அப்பியிருந்தது. அதோடே மடித்துப் பையில் வைத்தேன்.

கரூரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும், என்னைப்போல் இங்கே குடிவந்தவர்களுக்கும் இதை எழுதும்போது அது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒன்பது பதினொன்றாயிற்று. இரண்டு மரத்துக்கு நடுவே தொங்குகிற வாழ்க்கை நம்முடையது என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஹேமக்கில் சுகமாகத்தான் தூங்குகிறேன், பொய் சொல்லி என்ன பயன். எனக்குப் புரியாமல் இருப்பது வேறு, அன்றைக்கு மலையேறும்போது நடந்தது.

கரட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே சோளக்காட்டில் மூன்று தலைகள் குனிந்திருந்தன. வேப்பமரம் தெளிவாகத் தெரிந்தது. காற்று கிளம்பியிருந்தது. மற்றவை கிளையோடு கிளையாக இருந்தன. ராசாத்தி கட்டியது மட்டும் தனியாகத் தெரிந்தது, ஆடிக்கொண்டிருந்தது. வெறும் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்து நிறுத்துவார்கள். என் கால் கீழே ஓர் அடி இறங்கிவிட்டது. மேலேயிருந்து பிரேமா மேடம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பந்தே" என்று கன்னடத்தில் பதில் சொன்னேன், வந்துவிட்டேன் என்று. சொல்லிவிட்டு, தொட்டில் ஆடி நிற்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.