நாலாவது தகடு

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்டம்மா. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாம் மாடியில் வீடு. கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்பு.

லிஃப்ட் பெட்டி இரண்டு இரும்புத் தண்டவாளங்களுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. தண்டவாளம் கொஞ்சம் விலகினாலும் பெட்டி உதறும். உடனே அதற்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி முடுக்குவார்கள்; உதறல் நின்றுவிடும். கிழக்குச் சுவரில், மூன்றாம் மாடி மட்டத்தில், பதினோரு மாதத்தில் அவர் மூன்று முறை தகடு செருகினார். ஒவ்வொரு முறையும் பெட்டி வழுக்கிக்கொண்டு போனது, எல்லோரும் பாராட்டினார்கள். தண்டவாளம் ஏன் விலகுகிறது என்று அவர் யோசிக்கவில்லை. கைத்திறன் உள்ளவர்கள் செய்யும் தவறு இது. திறமை மூடிவிடுவதால் குறை தெரியாமல் போய்விடுகிறது.

மூன்றாம் தகடு வைத்த வாரம், அதே மட்டத்தில் படிக்கட்டுச் சுவரில் விரிசல் கண்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைப் படமெடுத்து, வெறும் பூச்சு விரிசல்தானே என்று செல்பேசியில் ஏஐயைக் கேட்டார். ஆமாம், பட்டி வைத்துப் பூசினால் போதும் என்றது. அதை எல்லோரிடமும் சொன்னார். லிஃப்டம்மாவும் கேட்டார். அஸ்திவாரம் இறங்குகிறதோ, பயமாக இருக்கிறது என்று எழுதினார். பயப்படக் காரணம் உண்டு என்றது. தான் நினைத்ததையே அதுவும் சொன்னதில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியின் மேலேயே சந்தேகம் வந்தது. தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்: தண்டவாளம் திரும்பத் திரும்ப விலகினால் என்ன செய்வது? தகடு செருகவும் என்றது, அதே பணிவோடு. மூன்று முறை அவர் செய்து பலிக்காததும் அதுதான்.

மறுநாள் காலை லிஃப்டை நிறுத்தி, சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செயலாளர் நான்கு மாடி இறங்கி வந்தார். "என்னம்மா, லிஃப்ட் பழுதா?"

"லிஃப்ட் நல்லா இருக்கு சார். சுவருதான் நகருது."

"சுவரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் கேட்ட ஃபோனுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் சாவி எங்கிட்டதான்."

"அது எவ்வளவு படிச்சிருக்கு தெரியுமா?"

"நம்ம சுவரத் தட்டிப் பாக்கலையே சார்."

"வேற மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மூணு தகட்டையும் காட்டுவேன். நாலாவத அவர் கையால வைக்கட்டும்."

துணிச்சல்காரர் என்று புகழ்ந்துவிடலாம். எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. மூன்று தகட்டையும் வைத்தவர் அவர்தான். ஆனால் தெரியாது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தையே படியேற வைப்பது லேசான காரியமில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. காலுக்கான பயிற்சிக்குப் போக முடியவில்லை. "கட்டினவளே என்னச் சிறையில போட்டுட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஐந்தாம் நாள் செயலாளர் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துவந்தார். பொறியாளர் மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்து, தகடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை மாசத்துல மூணு?"

"பதினொண்ணு."

"அஸ்திவாரத்தத் தோண்டிப் பாக்காம எதுவும் சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் கிழக்குப் பக்க வீடு எல்லாத்தையும் காலி பண்ணிடுங்க. லிஃப்ட் ஓடவே கூடாது."

லிஃப்டம்மாவின் வீடும் கிழக்குப் பக்கம்தான்.

செயலாளர் தயங்கினார். "உங்க வீட்டுக்காரருக்காக ஒரே ஒரு தடவை இறக்கிடலாமே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவருக்காகவும்தான் சார் பூட்டினேன்."

கணவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் முன்கால் ஒன்றைப் பிடித்தவர் செயலாளர். மூன்றாம் மாடியில், விரிசலுக்கு எதிரே, மூச்சு வாங்க இறக்கிவைத்தார்கள்.

"திரும்பி வர எத்தன நாளாகும்னு உங்க ஃபோனக் கேளுங்களேன்" என்றார் கணவர்.

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கேட்டா எதையாவது சொல்லிடும். அதான் கேக்கல."

"தூக்குங்க" என்றார் லிஃப்டம்மா.