இடது செட்டை அவருடையது

பழுதான ரேடியோவைத் திருத்துவது தொழில். பெட்டியில் துண்டு துண்டாக வரும் குட்டி விமானத்தைப் பூட்டி ரிமோட்டில் பறக்கவைப்பது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய். யாழ்ப்பாணத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டும் உண்டு. விரலில் பசை காயமுன் சோற்றில் கை வைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

பாதிப் பெட்டி

தெல்லிப்பழையில் வெங்காயத் தோட்டம் செய்யும் குணம் அண்ணை ஒரு பெட்டியோடு வந்தார். புதுச் சாமான் என்று நினைத்துத் திறந்தால், உள்ளே பாதி கட்டிய விமானம். உடலும், இறக்கைகளில் இடது செட்டையும் முடிந்திருந்தன. வலது செட்டை வெறும் குச்சிகளாகக் கிடந்தது. நோர்வேயில் இருந்த அவருடைய தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை கட்டியதாம். அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை. அவருடைய மனைவி எல்லாவற்றையும் அப்படியே பொதிசெய்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டார்.

இவ்வளவையும் குணம் அண்ணை சாதாரணமாகத்தான் சொன்னார். போகும்போதுதான் குரல் இறங்கியது. "மிச்சத்தைக் கட்டித் தாங்கோ தம்பி. அவன்ரை கை பட்ட இடத்திலை மட்டும் கை வையாதையுங்கோ."

தராசு

பல்சா மரம் தக்கைபோல லேசு. நகம் பட்டாலே பள்ளம் விழும். அதில் அந்த மனிதர் செய்திருந்த வேலையைப் பார்த்துவிட்டு, வந்த வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொருத்திலும் பசை வெளியே வரவில்லை. சட்டங்கள் எல்லாம் நூல் பிடித்ததுபோல நின்றன. பொறாமை வந்தது, அதைவிடக் கூடுதலாக மரியாதை வந்தது.

இரண்டு செட்டையும் ஒரே நிறை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கம் சரியும். நான் கட்டிய வலது செட்டையைத் தராசில் வைத்தேன். பசையை அள்ளிப் பூசியதில் பாரம் கூடிவிட்டது. பக்கத்துப் பட்டறையில் ஃபைபர் மீன்பிடி வள்ளம் திருத்தும் குருநகர் மரியதாஸ் வந்து தேய்த்துப் பார்த்தும் சரிவரவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கைவசம் இருந்த பல்சாவில், இடது செட்டையைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக ஒன்று கட்டினேன். நிறை ஒத்துவந்தது. மரியதாஸ் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தான். "உந்த மனுசன் இஞ்சை கடை போட்டிருந்தால், நீ என்னோடை வள்ளம் திருத்தத்தான் வந்திருப்பாய்."

ஸ்திரிக்கைப் பெட்டி

செட்டைக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தால், அது சுருங்கி இறுகும். நோர்வேயிலிருந்து வந்தது சிவப்புத் தாள். தம்பியின் வேலை மறைந்துவிடுமே என்று குணம் அண்ணையின் முகம் வாடியது. ஆகவே இடது செட்டைக்கு மட்டும் உள்ளே தெரியும் கண்ணாடித் தாளைப் போட்டேன். என்னுடையதைச் சிவப்பு மூடிக்கொண்டது, நல்லதாய்ப் போயிற்று.

ஸ்திரிக்கைப் பெட்டி வீட்டுச் சொத்து. அதன் அடியில் சிவப்புத் தாள் உருகி ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பள்ளிக்கூட ரீச்சரான என் மனைவி மறுநாள் உடுத்தத் தேய்த்த வெள்ளைச் சேலை கவனித்தது. அவள் சத்தம் போடவில்லை. "பிளேனுக்குக் குடுக்கிற மரியாதையிலை பாதியை என்ரை சீலைக்கும் குடுங்கோவன்."

ஆணி

முடித்துக் கொண்டுபோனால், குணம் அண்ணை தன் வீட்டு ஹோலில் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார். விமானத்தை அதில் தொங்கவிடப் போகிறாராம். மோட்டர், பற்றரி எல்லாம் பூட்டியாயிற்று, இது பறக்கும் என்றேன். விழுந்தால் என்று கேட்டார். விழாத விமானம் எதையும் நான் கட்டியதில்லை. தம்பியின் கைவேலை என்று அவரிடம் மிஞ்சியது இது ஒன்றுதான்.

குணம் அண்ணையின் மனைவி ராணி அக்கா, புது வாகனத்துக்குச் செய்வதுபோல, விமானத்தின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு அந்த ஆணியைப் பார்த்தார். "இஞ்சருங்கோ, மாலை போட்டு வைக்க வீட்டிலை ஒரு படமே போதும். இது பறக்கட்டும்."

வட்டுக்கோட்டை வயல்

எடுக்கவேண்டிய அனுமதியை எடுத்துக்கொண்டு, நெல் அரிவு வெட்டு முடிந்த ஒரு வயலுக்குப் போனோம். வாகனச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தோம். அந்தப் பாரத்துக்கு அது நசியுமா? ராணி அக்கா குதிக்காலால் நசித்துவிட்டார். குணம் அண்ணை பார்க்கமாட்டேன் என்று மறுபக்கம் திரும்பி நின்றார்.

விமானம் ஓடி எழும்பியது. வளைந்து தலைக்கு மேல் வந்தபோது இடது செட்டைக்குள்ளால் வெயில் விழுந்தது. அந்த மனிதர் வைத்த ஒவ்வொரு சட்டமும் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிமோட் பிடித்திருப்பவனுக்கு அது கூடாத காரியம். இறக்கும்போது வலது செட்டை வரம்பில் மோதி முறிந்தது.

சத்தம் கேட்டுக் குணம் அண்ணை ஓடிவந்தார். இடது செட்டையை நுனி முதல் அடி வரை தடவிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "என்ரை தம்பியின்ரை பக்கத்துக்கு ஒண்டுமில்லை. உங்கடை பக்கத்தைக் கெதியாத் திருத்துங்கோ, அடுத்தமுறை நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

நேரில் ஒருநாளும் கண்டிராத ஒருவரின் செட்டையை முன்னால் வைத்து மூன்றாம் முறையாகக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அவருக்குக் கிட்டக்கூடப் போகவில்லை.