மூவாயிரத்து நானூற்றில் ஒரு படம்

வீட்டில் அவளுக்கு வைத்த பேர் அகராதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவள், மிச்ச நேரத்தையெல்லாம் போட்டு, மூவாயிரத்து நானூறு படங்களில் யார் நடித்தார்கள், யார் இசையமைத்தார்கள், யார் வசனம் எழுதினார்கள் என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தாள். "ஒரு தப்பு காட்டுங்க, பார்ப்போம்" என்று சவால் விடுவதில் அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. ஏன் இருக்க வேண்டும்? இரண்டு சாட்சி இல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. குறிப்பு அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கடியில் கிடந்தன. தன் செருப்பு வைக்க இடம் கேட்டுக் கணவர் மனுப் போட்டு வருஷக்கணக்காகிறது.

மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போக நாலே நாள் இருக்கும்போது ஒரு வயதான குரல் போனில் வந்தது.

"நான் ஒரே ஒரு படத்துலதாம்மா கதாநாயகியா நடிச்சேன். உங்க புஸ்தகத்துல அதுக்கு வேற ஒருத்தி பேரைப் போட்டிருக்கீங்க. என் மகன் அதைக் காட்டி, அம்மா கதை விடுறாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறான்."

அகராதி அந்தப் படத்தின் அட்டையைத் தேடி எடுத்தாள். பிரதி ஒன்றுகூட மிஞ்சாத படம். சாட்சி ஒன்றே ஒன்று: தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். படம் எடுத்து முடிப்பதற்குள் பாட்டுப் புத்தகத்தை அச்சடித்துவிடுவார்கள், நடுவில் கதாநாயகியை மாற்றினாலும் அதில் பழைய பேர்தான் இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தும் கோட்டை விட்டிருந்தாள்.

"தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்தா ஆச்சா? போனை எடு. அதுதானே உன் தொழிலு" என்றார் கணவர்.

எடுத்தாள். முதலில் அந்த அம்மாளிடமே கேட்டாள்.

"படம் எடுத்தப்போ நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?"

"கோர்ட் சீன்ல இடது கையில கட்டுப் போட்டிருப்பேன். லைட்டு சுட்டுடுச்சு."

பதினாலாவது போனில் அகப்பட்டாள், அந்தப் படத்துக்கு ஸ்டில் எடுத்தவரின் மகள். தையல் மெஷின் இழுப்பறையில் அப்பாவின் நெகட்டிவ்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன என்றாள். அகராதி நேரில் போய், ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாட்சிக் கூண்டில் ஒரு பெண். இடது கையில் கட்டு. அகராதி அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பதிப்பாளர் சமாதானம் சொன்னார். "பேரை மட்டும் மாத்திடலாம் மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போடவைத்தாள்: முந்தைய இரண்டு பதிப்புகளிலும் இந்தப் படத்தின் கதாநாயகி பேர் தவறு, பிழை என்னுடையது. அதற்குக் கீழே அந்த அம்மாள் பேர், அந்தப் புகைப்படம். அவள் எழுதிய ஆயிரத்து நூறு பக்கங்களில் அவளுக்கு அதிகப் பெருமை தந்த பக்கம் அதுதான்.

புத்தகம் வந்த அன்றே அந்த அம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொடுத்தது மகன் கையில்.

"சத்தமா படிங்க தம்பி."

அவர் படித்தார். அம்மாவின் பேர் வந்த இடத்தில் நிறுத்தி, புகைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றாள் தாய், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "முதல்லேருந்து படி."